விரலைச் சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும்

“என் மெஷின் பொய் சொல்லாது, தாமரை.”

வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார் தில்லைநாயகம். சௌக்கியமா என்று கேட்கவில்லை, கால் கழுவவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

மடத்து அம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் ஒண்ணுமே கேக்கலையே சார்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் காட்டுக்கு நடுவே செம்மேடு என்று ஓர் ஊர். அங்கே ஒரு மடம். அதற்கு நீளமாக ஒரு பேர் உண்டு, யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊர்க்காரர்களுக்கு அது சோத்து மடம். மத்தியானம் யார் வந்தாலும் இலை போடுவார்கள்.

அதை நடத்துகிறவளை எல்லோரும் அம்மை என்பார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. காவி கிடையாது, ருத்திராட்சம் கிடையாது. உபதேசமும் லேசில் வாயிலிருந்து வராது.

தில்லைநாயகத்துக்கு அறுபது நெருங்குகிறது. பெரிய விஞ்ஞானி. சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவர். தாமரைச்செல்வி என்ற பேரோடு இந்த அம்மை ஒரு காலத்தில் அவர் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவள். படிப்பை முடித்தாள், நல்ல வேலையில் சேர்ந்தாள், ஒரு நாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து கரண்டி பிடித்துவிட்டாள்.

ஆகவே இதில் யார் குரு, யார் சீடர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

“உக்காருங்க சார். என்ன ஆச்சு?”

“ஒரு பொம்பளை செத்துப்போயிட்டா. பூங்காவனம்னு பேரு. உங்க ஊருதானாம்.”

“ஆமா.”

“ரேஷன் கடையில என் கைரேகை மெஷின் அவளை ‘ஆள் இல்லை’ன்னு சொல்லிடுச்சாம். அதனால அரிசி தரலையாம். அதனால செத்தாளாம். போற இடமெல்லாம் இதே பேச்சு.”

“காய்ச்சல்ல செத்தா சார்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“ம்.”

அந்த ‘ம்’ அவருக்குப் பிடிக்கவில்லை.

“கடைக்கே போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். மெஷினை ஸ்க்ரூ ஸ்க்ரூவாக் கழட்டிப் பாத்தேன். ஒரு கோளாறு கிடையாது.”

“சரி சார்.”

“இதை எதுக்குச் செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியும். அவருடைய மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சின்ன வயதில், அவர் தெருவில் செத்தவர்கள் எல்லோரும் மாதா மாதம் எழுந்து வந்து ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கிப் போனார்கள். கணக்கில்தான். உயிரோடு இருந்தவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். அவருடைய அம்மாவும் அப்படித் திரும்பியவள். அந்தத் திருட்டை ஒழிக்கிறேன் என்று கிளம்பி, பதினைந்து வருஷம் உழைத்துச் செய்த மெஷின் அது. ஒழித்தும் விட்டார். பொய் சொல்லக் கூடாது, நல்ல மனுஷன்.

“இப்ப இந்த ஒரு மாவட்டத்துலதான் வெச்சிருக்கு” என்றார். “வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னையில கூட்டம். அதுக்கப்புறம் மாநிலம் பூரா. ரேஷன், முதியோர் பென்ஷன், ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் இதேதான். செஞ்சவனுக்கு மறுப்பு இருந்தா பன்னிரண்டு மணிக்குள்ள விரல் வெச்சுச் சொல்லணும். சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம்.”

“விரல் வெச்சா? வாயால சொன்னாப் போதாதா?”

“வாயால யாரு வேணா என்ன வேணா சொல்லலாம். விரல்தான் பேசணும். நான் போட்ட சட்டம் அது.”

“உங்களுக்கு மறுப்பு இருக்கா சார்?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?”

தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தூக்கம் வரலை, தாமரை. ‘உங்க மேல தப்பில்லை’ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. கிளம்பிடறேன்.”

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

“இலை போடுற நேரமாச்சு. சாப்பிட உக்காருங்க சார்.”

*

அந்த மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாமல் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

தில்லைநாயகம் மாட்டிக்கொண்டார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. மனுஷனுக்கு நல்ல பசி. கையை வைக்கப் போனார். பக்கத்தில் இருந்தவர் பட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க சார். கடைசி இலைக்கு இன்னும் வரலை.”

“அதுக்கு?”

“கடைசி இலையில சோறு விழாம முதல் இலையில கை வைக்கக் கூடாது. இங்க அப்படித்தான்.”

பந்திக்கு முந்து என்பார்கள். இங்கே முந்தி என்ன பிரயோசனம்? முந்தினவனுக்குத்தான் ஆறின சோறு.

சாப்பிட்டு எழுந்ததும் அவர் அம்மையிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“சோறு ஜில்லுனு ஆயிடுச்சு.”

“ஆமா சார். கடைசி இலைக்காரர் ஒருத்தருக்குத்தான் இங்க சுடச்சுடக் கிடைக்கும்.”

“இது என்ன ஏற்பாடு?”

“பழைய ஏற்பாடு. யாரும் மாத்தலை.” அம்மை சிரித்தாள். “சாப்பிட்டவங்க கொட்டை உடைக்கணும். அதுவும் பழைய ஏற்பாடுதான். வர்றீங்களா?”

*

மடத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் முந்திரிக் காடு. பின்னால் கொட்டகை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, ஓட்டைப் பிளந்து, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் கருக்கும், எரியும், தோல் உரியும்.

தட்டிக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“சாரு கையப் பாருடி, பூவாட்டம் இருக்குது!”

“சாம்பல் தடவிக்கங்க சார். இல்லாட்டி கை வெந்துடும்.”

தில்லைநாயகம் சாம்பல் தடவிக்கொண்டார். முதல் கொட்டை எகிறி எங்கோ போய் விழுந்தது. இரண்டாவது, பருப்போடு சேர்ந்து நசுங்கிப்போனது. கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது, பாவம்.

தட்டிக்கொண்டே இருந்தால் நினைப்பு வரவில்லை. அதனால் மறுநாளும் வந்து உட்கார்ந்தார். கிளம்புகிறேன் என்றவர் கிளம்பவில்லை.

*

“அந்த மெஷினைக் காட்டுங்களேன் சார்” என்றாள் அம்மை.

எப்போது கேட்பாள் என்றிருந்தது அவருக்கு. பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். கையடக்கமான பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி.

அவர் விரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. “வணக்கம், தில்லைநாயகம் அவர்களே” என்றது ஒரு பெண் குரல்.

அம்மைக்கு வாயெல்லாம் பல்.

“ஐயோ, நல்லா இருக்கே! யாரு சார் குரல்?”

“என் பொண்ணு. அவதான் பேசிக் குடுத்தா.”

“நான் வைக்கவா?”

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதே குரல், அதே இனிமை.

“விரலைச் சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும்.”

அம்மை தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ரொம்ப மரியாதையாப் பேசுது சார்.”

“மரியாதை முக்கியம். கடைக்காரன் மாதிரி எரிஞ்சு விழக் கூடாதுன்னு அந்த வாக்கியத்தை நானே உக்காந்து எழுதினேன். நீ இதுல பதியலை, அதான் எடுத்துக்கலை.”

“பதிஞ்சவங்களுக்கும் இப்படிச் சொல்லுமா?”

“எப்பவாவது.”

“எத்தனை தடவை சொல்லும்?”

“எத்தனை தடவை வெச்சாலும் சொல்லும். அதுக்கென்ன, சலிப்பா களைப்பா!”

அம்மை மெஷினைத் திருப்பிப் பார்த்தாள்.

“சோதிச்சுப் பாத்தீங்கல்ல சார்?”

“என்ன கேள்வி இது? இருபதாயிரம் விரல்!”

“யாரு விரல்?”

“எங்க மாணவர்கள். பேராசிரியர்கள். ஆபீஸ்ல வேலை பாக்கிறவங்க. யாரையும் விடலை. கேன்டீன்ல பில் போடுறவரைக்கூடக் கூப்பிட்டு வெச்சோம்.”

“கேன்டீன்ல பாத்திரம் கழுவுறவங்களை?”

“கூப்பிட்டோம். அவங்க ரேகை சரியா விழலை. சோதனை முடிவே கெட்டுப்போகுதுன்னு அதையெல்லாம் எடுத்துட்டோம்.”

சொல்லிவிட்டார். சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

அப்புறம் சுதாரித்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: “நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்குச் சரியா வேலை செய்யுது, தாமரை. தொண்ணூத்தெட்டு! வேற எந்த மெஷின் செய்யும்?”

“மீதி ரெண்டு பேரு?”

“அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்.”

அம்மை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

புதன்கிழமை பந்திக்கு நல்ல கூட்டம். இரண்டு வரிசையும் நிரம்பிவிட்டது. அம்மையே சோற்று வாளியோடு வந்தாள். தில்லைநாயகத்துக்கு முதல் வரிசையில் முதல் இலை.

சோறு போட்டுக்கொண்டே போனவள், கடைசிக்கு வந்ததும் வாளியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

பந்தி காத்திருந்தது. சாம்பார் ஆறியது. ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“அம்மை, பந்தி ஏன் நிக்குது?”

“ஒண்ணுமில்லை. சார்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்.” அம்மை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “சார், தொண்ணூத்தெட்டு இலைக்குப் போட்டாச்சு. ரெண்டு இலைதான் பாக்கி. இவங்களைச் சாப்பிடச் சொல்லட்டுமா?”

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

தில்லைநாயகத்துக்குக் காது சூடாகியது. எட்டிப் பார்த்தார். கடைசிக்கு முந்தின இலையில் ஒரு லாரி டிரைவர். கடைசி இலையில் கொட்டகைப் பெண் ஒருத்தி. வெறும் இலையைப் பார்த்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“தொண்ணூத்தெட்டு நல்ல கணக்குதானே சார்? ரெண்டு பேரை அடுத்த பந்தியில பாத்துக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எல்லாரும் கை வைக்கட்டும்.”

அவர் தன் இலையையும் அம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த லாரி டிரைவருக்கு விவரம் புரியவில்லை. என்னவோ சோறு பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பெரிய மனுஷர் ஒருவர் சங்கடப்படுகிறாரே என்று அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

“பரவால்லீங்க சார்” என்றார். “அவங்க சாப்பிடட்டும். நாங்க அப்புறமாப் பாத்துக்கறோம்.”

அந்தப் ‘பரவால்லீங்க’தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தில்லைநாயகம் தாங்கியிருப்பார்.

எழுந்தார். வரிசையைச் சுற்றி நடந்து போனார். வாளியைத் தூக்கி, இரண்டு இலைக்கும் அவரே சோறு போட்டார். கொஞ்சம் தரையில் சிந்தியது.

பந்தி சாப்பிட ஆரம்பித்தது. யாரும் அவரைப் பாராட்டவில்லை. பாராட்ட என்ன இருக்கிறது?

அவர் இலையில் சோறு அப்படியே இருந்தது.

*

கை கழுவும் இடத்தில் அம்மையைப் பிடித்தார்.

“மறுப்பு சொல்லிடலாம்னு தோணுது, தாமரை.”

“நல்லது சார். மெஷின் பையிலதானே இருக்கு? இப்பவே வெச்சிடுங்க.”

“இப்பவேவா?”

“இப்ப வெச்சா எடுத்துக்காதா?”

“எடுத்துக்கும். ஆனா… வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கே.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பதினைஞ்சு வருஷம், தாமரை. என்னை நம்பி இருக்கிற பசங்க எத்தனை பேரு! அவசரப்படக் கூடாது. ரெண்டு நாள் யோசிக்கறேன்.”

“சரி சார்.”

அன்றைக்கே விரலை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் பச்சை விளக்கு எரிந்திருக்கும், வணக்கம் சொல்லியிருக்கும், முடிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம்தான் வருகிறது. வந்து என்ன செய்ய? ஒரு நல்ல காரியத்தைச் செய்யத் துணிகிற மனசு, கூடவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து யோசிக்கவும் ஆரம்பித்துவிடுகிறது.

புதன் மத்தியானம் முழுக்கக் கொட்டை தட்டினார். வியாழக்கிழமை முழுக்கத் தட்டினார். யாரோடும் பேசவில்லை. சாம்பல் தடவிக்கொள்ளவும் மறந்துவிட்டார்.

“சார், கை உரியுது பாருங்க” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். “போதும், வுட்டுடுங்க.”

“எரியட்டும்மா.”

எரிந்தால் நல்லதுதான் என்று அவருக்குப் பட்டது. எதற்கோ ஈடு கட்டுகிற மாதிரி இருந்தது. விரல்கள் கருத்து, வீங்கி, வெங்காயச் சருகு மாதிரித் தோல் கழன்றது.

*

வெள்ளிக்கிழமை காலையில் மனசு ஒரு வழியாகத் தெளிந்தது. அப்போதும் உடனே செய்தாரா? குளித்தார். சட்டை மாற்றினார். ஒரு காபி குடித்தார். பதினோரு மணிக்கு மேல்தான் மெஷினை எடுத்து மேசை மேல் வைத்தார்.

சென்னையில் இருக்கும் உதவியாளர் கபிலனுக்குப் போன் போட்டார்.

“கபிலா, நான் மறுப்பு போடப் போறேன்.”

“சார்?”

“மெஷின் தயாரா இல்லை. உழைக்கிறவங்க விரலை நாம சோதிக்கவே இல்லை. சோதிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு கடைக்கும் போகக் கூடாது.”

கபிலன் மெதுவாகச் சொன்னான்: “ரொம்ப நாளா நீங்க இதைச் சொல்ல மாட்டீங்களான்னு இருந்தேன் சார். விரல் வைங்க.”

தில்லைநாயகம் விரலை வைத்தார்.

சிவப்பு விளக்கு.

“விரலைச் சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும்.”

வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“விரலைச் சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும்.”

நடுவிரல். மோதிர விரல். இடது கை. கட்டை விரல். மகளின் குரல் ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையோடு சொன்னது.

“சார், வெச்சிட்டீங்களா?”

“எடுத்துக்க மாட்டேங்குது கபிலா. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ. கூட்டத்துல போய்ச் சொல்லு.”

“வாய்ச் சொல்லை அவங்க எடுத்துக்க மாட்டாங்களே சார். நீங்க போட்ட சட்டம்தானே.”

“நான்தாண்டா பேசறேன்! என் குரல் தெரியலையா உனக்கு?”

“எனக்குத் தெரியுது சார்.” கபிலன் கெஞ்சினான். “அவங்களுக்கு மெஷின் சொல்லணும்.”

“என்னை நான் இல்லைங்குதுடா அது!”

போனை மேசையில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினார்.

கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல். ஓரத்தில் கொஞ்சம் செங்கல் தூள் கிடந்தது. அதை அள்ளினார். விரலைக் கல்லில் வைத்துத் தேய்த்தார். தோல் சுருண்டு வந்தது. தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடி வந்தார், வைத்தார்.

“விரலைச் சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும்.”

மறுபடி ஓடினார். இந்தத் தடவை இன்னும் அழுத்தித் தேய்த்தார். கல்லில் ரத்தம் தெரிந்தது.

அம்மை பின்னால் வந்து நின்றாள்.

“சார்.”

“இதோ… அழுக்குப் போயிட்டா எடுத்துக்கும்.”

“அது அழுக்கு இல்லை சார்.”

கை நின்றது.

அழுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியாதா? அந்த மெஷினின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தவர். தேய்ந்த ரேகையைக் கழுவினால் திரும்பி வராது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவர்தான். ஆனாலும் அந்தக் குரல் சொன்னதும் ஓடி வந்து தேய்த்தார். தப்பு தன் கையில்தான் என்று நினைத்துவிட்டார்.

மடத்து மணி அடித்தது. பன்னிரண்டு. கெடு முடிந்தது. இலை போடுகிற நேரம்.

மேசை மேல் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

தில்லைநாயகம் கல்லைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்லின் நடுவில் கையகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூங்காவனம் நம்ம கொட்டகையிலதான் சார் வேலை செஞ்சா” என்றாள் அம்மை. “கடையில திருப்பி அனுப்பினதும் நேரா இங்கதான் வருவா. இந்தக் கல்லுலதான் தேய்ப்பா. மறுபடி கடைக்கு ஓடுவா. மறுபடி வருவா.”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“தேய்ச்சுப் பிரயோசனம் இல்லைன்னதும், கொட்டை உடைக்கிறதாலதான் கை இப்படி ஆகுதுன்னு வேலையை விட்டுட்டா. கை தேறட்டும், மெஷினுக்கு என்னை அடையாளம் தெரியட்டும், அப்புறம் வர்றேன்னா. கூலியும் போச்சு. உழைக்காம சாப்பிட மாட்டேன்னு பந்திக்கும் வரலை, மத்தியான சோறும் போச்சு.”

“நீ சோறு அனுப்பலையா?”

“ஒரு தடவை அனுப்பினேன். ‘என் அரிசி கடையில இருக்கு, எனக்கு எதுக்கு அடுத்தவங்க சோறு’ன்னு திருப்பி அனுப்பிட்டா. ரோஷக்காரி. அப்புறம் மழை வந்துச்சு. பந்தி வேலை, கொட்டகை வேலைன்னு நான் இருந்துட்டேன். பட்டினி உடம்பு, காய்ச்சல் தாங்கலை.” அம்மை அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கடைசி இலைக்குப் போடாம கை வைக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். அவ இலையை நான் பாக்கலை சார்.”

உள்ளே பந்தியில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அம்மை போகவில்லை.

தில்லைநாயகம் ரத்தம் வழியும் விரலைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

“அம்மா.”

அவளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“மெஷின்தான் தப்பு, உன் கையில தப்பில்லைன்னு நீங்க அவகிட்ட சொல்லலையா?”

“சொன்னேன் சார்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

அம்மை அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

“‘படிச்சவங்க செஞ்ச மெஷினும்மா, அது பொய் சொல்லுமா?’ன்னு கேட்டா.”